போனைப் பிடித்துக்கொண்டு நான் படித்த வட்டம்

“அம்மா, ஆட்டாதேங்கோ. அப்பாவுக்குப் படம் தெரியேல்லையாம்.”

மகள் தரம் பதினொன்றில் படித்த வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது இந்தக் குரல்தான். சாப்பாட்டு மேசையில் அவள் கொப்பியை விரித்து வைத்திருப்பாள். நான் அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, போனைக் கொப்பிக்கு நேரே பிடித்திருப்பேன். போனுக்குள் கட்டாரில் இருந்து என் கணவர். அவருடைய முகம் என் கண்ணுக்கு நேரே, ஒரு முழம் தூரத்தில் இருக்கும். நெற்றியில் வேலைத் தொப்பி அழுத்திய தடம்கூடத் தெரியும். ஆனால் அவர் பார்ப்பது என்னை அல்ல. கொப்பியில் மகள் கீறிய வட்டத்தை. “அந்த நாணைக் கொஞ்சம் நீட்டிக் கீறு பாப்பம்” என்று அவர் சொல்வார். அவள் கீறுவாள். இருவரும் ஒரே நேரத்தில் “ஆ!” என்பார்கள். என்ன நடந்தது என்று எனக்கு விளங்காது. கை மட்டும் உளையும்.

அந்த மாலைகளில் நான் பொறாமைப்பட்டேன். யாரைப் பார்த்து என்று கேட்டால் அப்போது சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். மகளை நினைத்தா, கணவரை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் அவளில் வரும், மறுநாள் அவரில் வரும். சில நாட்களில் இருவரையும் விட்டுவிட்டு அந்த வட்டத்திலேயே வரும்.

சின்ன வயதில் அவள் என்னுடைய பிள்ளை. நான் சாம்பல்தீவில் ஒரு முன்பள்ளியில் ரீச்சர். காலையில் பஸ்ஸில் என்னோடு வந்து, என் வகுப்பிலேயே இருந்து, என் பாட்டுகளையே பாடி வளர்ந்தவள். அப்போதெல்லாம் இவர் துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இலிகிதர். இருட்டிய பிறகு வருவார், சாப்பிடுவார், செய்தி பார்ப்பார். பிள்ளை தரம் ஒன்பதுக்கு வந்ததும் கணக்கு இறுகியது. ஒரு நாள் அவள் ஏதோ கேட்க, இவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழும்பிப் போனார். அன்றைக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சப் புள்ளிகளால் தவறியவர் அவர். அந்தப் பழைய ஆசை முழுவதும் பிள்ளையின் கொப்பியில் வந்து இறங்கியது. தேற்றம், நிறுவல், தொடலி என்று அவர்களுக்குள் ஒரு பாஷை உண்டானது. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் இருவரும் நிமிராமலே கோப்பையை எடுப்பார்கள்.

எனக்கு அந்தப் பாஷை தெரியாமல் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது சண்டையால் குச்சவெளிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். முகாம் பள்ளிக்கூடத்துக்கு வந்த கணித வாத்தியார் இடையில் நின்றுவிட்டார். புத்தகத்தில் வட்டம் வரும் அத்தியாயங்களுக்கு முன்னால் எங்கள் வகுப்பு நின்றது. சதவீதம், வட்டி, சமன்பாடு என்று தெரிந்ததை எழுதி ஒருவாறு சித்தியடைந்தேன். பிறகு அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்க்கும் தேவை வரவில்லை. ஒரு முறை மகளுக்கு உதவப் போனபோது அவள் சிரித்துக்கொண்டே, “அம்மா, இது நேர்சரிக் கணக்கில்ல” என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. இவரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே குசினிக்குள் போய்விட்டேன்.

நாடே எண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் இவருடைய அலுவலகத்தை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் அங்கும் இங்கும் அலைந்துவிட்டு, கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குப் போனார். விமான நிலையத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டு வரும்போது மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதற்குள்ளே, அடியில், இனி இவள் என்னிடம் திரும்பி வருவாள் என்ற சின்னச் சந்தோஷமும் இருந்தது.

அவள் வரவில்லை. ஒரு கிழமைக்குள் போனில் வகுப்புத் தொடங்கிவிட்டது. அவர் வேலை முடிந்து அறைக்கு வரும்போது இங்கே விளக்கு வைத்து முடிந்திருக்கும். நேரே கொப்பிதான். முதலில் போனை எதிலாவது சாத்தி வைத்துப் பார்த்தார்கள். கொப்பி சரியாகத் தெரியவில்லை. “அம்மா, ஒருக்காப் பிடியுங்கோ” என்றாள். அந்த ஒருக்கா ஒரு வருடம் நீண்டது. பாடம் முடிந்ததும் அவர் களைத்திருப்பார். அறையில் மற்றவர்கள் வந்திருப்பார்கள். எனக்குக் கிடைப்பது இரண்டு வார்த்தை. கூரை ஒழுகுகிறதா, கரண்ட் பில் வந்ததா. அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

அவளுக்கு மட்டும் அவர் எவ்வளவு பொறுமையாகக் கதைப்பார்! “அவசரப்படாதை. என்ன தந்திருக்கு எண்டு முதல் பார். தராததைப் பிறகு தேடுவம்.” திருமணமாகி இத்தனை வருடத்தில் என்னோடு அந்தக் குரலில் அவர் கதைத்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அது எனக்கில்லை என்று தெரிந்துகொண்டு நிற்பது லேசான காரியம் அல்ல.

ஆனால் தினமும் ஒரே இடத்தில் நின்றால் காது சும்மா இருக்காது. மையத்தில் உள்ள கோணம் பரிதியில் உள்ள கோணத்தின் இருமடங்கு. அரைவட்டத்தில் உள்ள கோணம் செங்கோணம். தொடலியும் ஆரையும் சந்திக்கும் இடத்திலும் செங்கோணம். பஸ்ஸில் போகும்போது இவை என் வாயில் தாமாக வந்தன, நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாட்டுகளைப் போல. ஒரு நாள் மத்தியானம், முன்பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் போனபிறகு, பால்மா ரின்னின் மூடியை வைத்து ஒரு வட்டம் கீறினேன். வட்டத்தின் கோட்டிலேயே கீழ்ப்பக்கம் இரண்டு புள்ளிகள் வைத்தேன். மேலே ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து அந்த இரண்டுக்கும் கோடு இழுத்து, மகளின் பழைய பாகைமானியால் கோணத்தை அளந்தேன். பிறகு மேல்புள்ளியை வட்டத்தின் மேலேயே கொஞ்சம் தள்ளி வைத்து மீண்டும் அளந்தேன். அதே கோணம். இன்னும் தள்ளினேன், ஓரம் வரைக்கும் போனேன். படம் சரிந்து, கோணலாகி, ஆளே மாறிப்போனது. கோணம் மாறவில்லை.

அழகாகத்தான் இருந்தது. எனக்கு வந்தது ஆத்திரம். இதைத்தானா இவர்கள் இருவரும் எனக்குத் தராமல் தங்களுக்குள் வைத்திருந்தார்கள் என்று நினைத்தேன். அது நியாயமில்லை. யாரும் ஒளித்து வைக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால், நான் கையில் பிடித்த போனுக்குக் கீழேதான் எல்லாம் நடந்தது. ஆனால் பொறாமை நியாயம் பார்த்து வருவதில்லை. அன்றிலிருந்து மத்தியானங்களில் நான் தனியே இருந்து கணக்குச் செய்தேன். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்று பயம்.

பள்ளிக்கூடத்தில் முன்னோடிப் பரீட்சை தொடங்குவதற்கு முதல்நாள் அவருடைய அழைப்பு வரவில்லை. சாமான் இறக்கும் வேலை, வரப் பிந்தும் என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தார். மகள் ஒரு கணக்கில் சிக்கியிருந்தாள். வெளியே ஒரு புள்ளி, அதிலிருந்து வட்டத்தைத் தொடும் இரண்டு தொடலிகள், அவற்றுக்கிடையில் ஐம்பது பாகை. தொடும் புள்ளிகள் இரண்டிலிருந்தும் வட்டத்தின் மறுபக்கத்தில் உள்ள ஒரு புள்ளிக்குக் கோடுகள். அங்கே உண்டாகும் கோணம் எவ்வளவு? அவள் கீறி அழித்து, கீறி அழித்து, கடைசியில் கடதாசி கிழிந்துவிட்டது. அழத் தொடங்கினாள்.

“நடுவில இருந்து ரெண்டு ஆரை போட்டுப் பாரன், பிள்ளை” என்றேன்.

“அம்மா, சும்மா இருங்கோ. உங்களுக்கு என்ன தெரியும்?”

நான் பென்சிலை எடுத்தேன். மையத்திலிருந்து தொடும் புள்ளிகள் இரண்டுக்கும் கோடு இழுத்தேன். “இதில தொண்ணூறு. இதிலயும் தொண்ணூறு. வெளியில அம்பது. நாலு கோணமும் சேர்த்து முந்நூற்றி அறுபது. அப்ப நடுவில நூற்றி முப்பது. அந்தப் பக்கத்தில அதின்ர பாதி.”

“அறுபத்தஞ்சு” என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பி விடையைப் பார்த்தாள், சரியாக இருந்தது. துள்ளிக் குதிப்பாள், கட்டிப்பிடிப்பாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவள் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப படிச்சனீங்கள்?”

“நீங்கள் ரெண்டு பேரும் படிக்கேக்க.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?” என்றாள். அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது. அவளுடைய அறைக்குள் கேட்காமல் யாரோ நுழைந்துவிட்டதைப் போன்ற கோபம். அதை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

மறுநாள் அழைப்பு வந்ததும் அவள் முதலில் சொன்னது அதைத்தான். “அப்பா, அம்மா ஒரு கணக்குச் செய்தவ.” நான் வழக்கம்போல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கொப்பியைப் பார்த்தார். “சரிதான்” என்றார். “ஆனா சுத்திப் போயிருக்கு. தொடலி ரெண்டும் சமன், தொடுற புள்ளியளைச் சேர்த்தா இருசமபக்க முக்கோணி. அடியில அறுபத்தஞ்சு. ஒன்றுவிட்ட துண்டக் கோணம் எண்டு எழுதினாச் சரி. ரெண்டு வரி.” மகள் “அட!” என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

எனக்குள் ஏதோ அறுந்தது. போனை அப்படியே மேசையில் மல்லாக்க வைத்தேன்.

“என்ன, ஒண்டும் தெரியேல்ல. ஃபேன் மட்டும் சுத்துது” என்றார்.

“இஞ்சருங்கோ” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “ஒண்டில் எனக்கும் கணக்குச் சொல்லித்தாங்கோ. இல்லாட்டி என்னோடையும் கதையுங்கோ. ரெண்டும் இல்லாமல் இனி என்னால இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்க ஏலாது.”

மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது. எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எழும்பி, போனை எடுத்துத் தண்ணீர்ச் செம்பில் சாத்தி, தன்னுடைய கதிரையை எனக்கு இழுத்து விட்டுவிட்டு முற்றத்துக்குப் போனாள்.

நான் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு முகத்துக்கு நேரே.

“உம்மோட என்ன கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்ல” என்றார் மெதுவாக. “உம்மட குரலைக் கேட்டா வீடு நினைவு வரும். வீடு நினைவு வந்தா எனக்கு இங்க நிக்க ஏலாது. பக்கத்துக் கட்டில்ல ஆக்கள் இருக்கினம், அழவும் ஏலாது. கணக்கெண்டா அப்பிடி இல்லை. கணக்குச் செய்யேக்க அழுகை வராது.”

மகளுக்குக் கிடைத்ததை எல்லாம் எனக்குக் கிடைக்காத அன்பு என்று கணக்கு வைத்திருந்தேன். எனக்குத் தராமல் அவர் ஒளித்து வைத்திருந்தது அழுகையை. அது தெரிந்தவுடன் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அது இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து இருந்துகொண்டது. போனைச் செம்பிலிருந்து கையில் எடுத்து, “அழுங்கோ” என்றேன். “நான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்.” அவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வந்தது. மகளுக்கு முதல் பாதி, எனக்கு மறுபாதி. மகள் கொஞ்ச நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தாள். என் பாதி நேரத்தில் அடிக்கடி தண்ணீர் குடிக்க வந்தாள். பிறகு அதுவும் பழகிப்போனது. சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்துக்கு அவளுக்கு ஏ கிடைத்தது. வட்டத்துக் கணக்கு எந்த வழியில் எழுதினாய் என்று கேட்டேன். “அப்பான்ர வழி. சுருக்கமெல்லோ” என்றாள். கேட்டிருக்கவே கூடாது.

இப்போது அவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இவர் இன்னும் கட்டாரில்தான். அவள் படிப்பது எனக்கு எட்டாத கணக்கு, அவர் எப்போதோ படித்து மறந்துவிட்ட கணக்கு. முதல் ஒரு மாதம் அவர் இணையத்தில் தேடித் தேடிப் பார்த்துக் கைவிட்டார். நகரத்தில் ஒரு ரியூசன் வாத்தியாரிடம் போகிறாள். வாய் திறந்தால் “சேர் சொன்னவர்” என்றுதான் வரும். மாலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கிண்ணியாவில் இருக்கும் கூட்டாளியோடு போனில் கணக்குக் கதைப்பாள்.

போன கிழமை ஒரு நாள் நான் முன்விறாந்தையில் இருந்து இவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் விளக்குப் போட்டு நின்றது. எங்கள் ஊருக்குள் வழக்கமாகத் திரியும் மான்களில் இரண்டு தெருவில் குப்பைப் பையைக் கிளறிக்கொண்டிருந்தன. உள்ளே மகள் சத்தமாகச் சிரித்தாள்.

“ஆரோட?” என்றார்.

“கூட்டாளியோட. கணக்காம்.”

“என்ன கணக்கு?”

“எனக்கு விளங்கேல்ல.”

அவர் தலையைச் சரித்து, உள்ளே கேட்ட சிரிப்புக்குக் காது கொடுத்தார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். கதிரைக்குப் பின்னால் நின்ற நாட்களில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

“போனைக் கொஞ்சம் கதவடிக்குக் கொண்டு போம்” என்றார். “என்னெண்டு கேப்பம்.”

“பிறகு” என்றேன். நான் எழும்பவில்லை.