அம்சம் குனிந்த நாள்

கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களில் அம்சத்தின் வாய்க்குப் பயப்படாத பெண் கிடையாது. நடவுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்பக்கமாகவே நகர்வார்கள். எவளாவது சுணங்கினால் இரண்டு பக்கத்துக்காரிகளும் விறுவிறுவென்று நட்டுப் போய், அவளுக்குப் பின்னாலும் நாற்றை ஊன்றி நடுவில் அடைத்துவிடுவார்கள். அடைபட்டவள் வெளியே வர வழியில்லாமல் விழிப்பாள், வயலே சிரிக்கும். அந்த விளையாட்டில் அம்சத்தை மிஞ்ச ஆளில்லை. போன வருஷம் பச்சை உடம்புக்காரி காளியம்மாளையே அடைத்துவிட்டு, "அங்கேயே குடித்தனம் பண்ணப்போறியாடி?" என்று கேட்டவள்.

அதற்குப் பிறகு அம்சத்தின் கைமூட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. தஞ்சாவூர் டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். வீக்கம் வற்றி, முகம் உப்பியது. "பண்ணை வீட்டுச் சாப்பாடோ?" என்று கேலி செய்தார்கள். அம்சத்துக்கு உள்ளூரப் பெருமைதான்.

இப்போது டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். "புதுசா வலிக்கும், தாங்கிக்கணும். மூட்டு வீங்கினா உடனே வாங்க. நீங்களா கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது" என்றார். மூட்டு வீங்கவில்லை. ஆனால் இதுவரை வலிக்காத இடமெல்லாம் வலித்தது. தொடை, தோள், குதிகால். உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். முழு மாத்திரையைப் போட்டுக்கொள்ளக் கை துறுதுறுத்தது, போடவில்லை. வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வேலைநிறுத்தம் வந்தது. கூலிச் சட்டம் வந்து சில வருஷமாகியும் பண்ணையில் கூலியாக அளந்த நெல் பழைய அளவுதான். நாற்று முற்றத் தொடங்கியதும், கேட்ட உயர்வில் பாதி தருவதாகப் பண்ணையின் காரியக்காரர் சொல்லியனுப்பினார். சங்கத்து வீரையன் கூட்டம் போட்டு, "பொம்பளைங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். எல்லாரும் அம்சத்தைப் பார்த்தார்கள்.

ஒப்புக்கொண்டால் விடிந்ததும் குனிய வேண்டும். "முழுசாக் குடுத்தாத்தான் நாத்தைத் தொடுவோம்" என்றாள். கைதட்டினார்கள். கைதட்டல் கேட்க அவளுக்குக் கூசியது.

நாலைந்து நாள் கழித்து அம்சம் காளியம்மாள் வீட்டுப் பக்கம் போனாள். அடுப்பில் வெறும் கீரை வெந்துகொண்டிருந்தது. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. இன்னும் கொஞ்சம் தாங்கிக்குவோம்" என்றாள் காளியம்மாள்.

அம்சத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "நான் கூலிக்காகச் சொல்லலடி. என்னால குனிய முடியல. அதான் சொன்னேன்."

காளியம்மாள் கீரையைக் கிளறினாள்.

அம்சம் நேரே வீரையனிடம் போனாள். "குடுக்கறத வாங்கிக்கிட்டுப் போவோம்ண்ணே. புள்ளைங்க பட்டினி கெடக்குது." அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பட்டினி போட்டதும் அவள்தான், பாதி உயர்வுக்கு இறக்கியதும் அவள்தான். அதை நினைக்க நினைக்க உடம்பு வலியே தேவலை என்றிருந்தது.

மறுநாள் நடவு. வயலில் இறங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தொடை நடுங்கியது. ஒரு நாற்று முடியை நட்டு முடித்து அடுத்ததை எடுப்பதற்குள் இடுப்பு கழன்றது. இப்போது அடைப்பார்கள், இப்போது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். அடைக்கட்டும், அதற்குத் தகுதியானவள்தான். ஆனால் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த காளியம்மாள் அவளைத் தாண்டவில்லை. அந்தப் பக்கத்துக்காரியும் தாண்டவில்லை. மொத்த வரிசையும் அம்சத்தின் வேகத்துக்கே நகர்ந்தது.

வரப்பிலிருந்து காரியக்காரர் கத்தினார். "என்னடி இது, ஆமை மாதிரி?"

காளியம்மாள் நிமிர்ந்தாள். "கேட்டதுல பாதிதானேங்க குடுத்தீங்க. பாதிக் கூலிக்குப் பாதி வேகம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அம்சம் மட்டும் முகத்தைத் தூக்கவில்லை.