சூசைப் பார் வழக்கு

1. காணிக் கந்தோரில் இருந்து கடலுக்கு

எங்கள் வரைபடத் தளத்துக்குப் புதிதாக நிருவாகிகளாக வந்திருக்கும் பிள்ளைகள், "அக்கா, சண்டையளை எப்பிடித் தீர்க்கிறனீங்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் தீர்த்தவை குறைவு. தானாக ஓய்ந்தவைதான் கூட. ஆனாலும் ஒரு வழக்கை மட்டும் எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற வகையான இணைய வரைபடம். குடாநாட்டின் தெரு, ஒழுங்கை, கிணறு, கோயில், குளம், சந்தை எல்லாவற்றுக்கும் தொண்டர்கள் புள்ளி வைத்துப் பெயர் எழுதுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு காரணப் பெட்டி வரும். ஏன் மாற்றினோம் என்று அதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் என்னைப் போல ஒருத்தி வந்து கேட்பாள். சம்பளம் கிடையாது. நன்றியும் கிடையாது.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், காணிப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வேலிச் சண்டை, வழிச் சண்டை, பங்குக் கிணற்றுச் சண்டை என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. இனியாவது நிம்மதியாக இருப்போம் என்று இந்தத் தளத்தில் சேர்ந்து, இணுவிலில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளைக் கீறத் தொடங்கினேன். பார்த்தால் இங்கேயும் அதே ஆட்கள், அதே வேலி. ஒரே ஒழுங்கைக்கு இரண்டு வீட்டார் தங்கள் தங்கள் பாட்டனின் பெயரை எழுதி மாறி மாறி அழிப்பார்கள். அச்சுவேலியில் ஒரு தேத்தண்ணிக் கடை பூட்டிவிட்டதா இல்லையா என்று கடைக்காரரும் அவருடைய மைத்துனரும் ஒரு கிழமையாக அடிபட்டார்கள். கடை திறந்துதான் இருந்தது. மைத்துனருக்கு ஏதோ கோபம். பழக்கதோஷத்தில் நான் இடையில் போய்ச் சமாதானம் செய்துவைக்க, அதைக் கண்டு என்னை நிருவாகி ஆக்கிவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

2. ஒரு புள்ளி

கரையில் இவ்வளவு அமளி நடக்க, கடல் பக்கம் எங்கள் வரைபடம் வெறும் நீலமாகக் கிடந்தது. குருநகரில் இருந்து 'அலைமகன்' என்ற பெயரில் ஒருவர் சேர்ந்து அந்த நீலத்தில் புள்ளி வைக்கத் தொடங்கினார். மணல் திட்டு, படகு ஓடும் பாதை, வெளிச்சக் கம்பம் என்று நல்ல வேலை செய்தார். பிறகு ஒரு நாள் 'சூசைப் பார்' என்று ஒன்றை வைத்தார். பார் என்றால் கடலுக்கடியில் கல்லும் சிப்பியும் சேர்ந்து மேடாகக் கிடக்கும் இடம். மீன் அங்கே கூடும். காரணப் பெட்டியில், "என் தந்தை சூசை கண்டுபிடித்துத் தொழில் செய்த பார். அவருடைய ஜீபிஎஸ் கருவியில் இருந்து எடுத்தது" என்று எழுதியிருந்தார்.

அடுத்த நாளே 'முத்துச்சிப்பி' என்ற இன்னொரு தொகுப்பாளர் அதை அழித்தார். காரணம்: "இந்த இடத்தில் பார் எதுவும் இல்லை." அலைமகன் திரும்ப வைத்தார். முத்துச்சிப்பி திரும்ப அழித்தார். வைக்க அழிக்க, வைக்க அழிக்க என்று அது ஒரு மீளமைப்புப் போராக முற்றியது.

முத்துச்சிப்பி லேசுப்பட்டவர் அல்ல. குருநகரின் ஒழுங்கைகள், சிற்றாலயங்கள், தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் பெரும்பாலும் அவர் கைவேலை. எதைக் கேட்டாலும் பேச்சுப் பக்கத்தில் ஆதாரத்தோடு வந்து நிற்பவர். இந்த ஒரு புள்ளிக்கு மட்டும் ஆதாரமும் இல்லை, விளக்கமும் இல்லை. எங்கள் மற்ற நிருவாகி கஜன் கனடாவில் இருப்பவர். அவருக்கு விதி என்றால் விதி. இன்னொரு தரம் ஆதாரமில்லாமல் அழித்தால் கணக்கை நிரந்தரமாகத் தடை செய்வேன் என்று முத்துச்சிப்பிக்கு எச்சரிக்கை போட்டுவிட்டார்.

அன்று பின்னேரம் எனக்கு ஒரு போன் வந்தது.

"அக்கா, நான்தான் அலைமகன். சொந்தப் பேர் றெஜி. ரவுணிலை போன் திருத்திற கடையிலை நிக்கிறன்."

"சொல்லும் தம்பி."

"அப்பா போய் இன்னும் வருசம் திரும்பேல்லை அக்கா. அந்த ஆள் அவரைப் பொய்யன் எண்டு உலகத்துக்கே எழுதுது. பார் இல்லையாம். அப்ப நாங்கள் என்னத்தைத் திண்டு வளந்தனாங்கள்?"

"வடிவா விசாரிப்பம். அவசரப்படாதேயும்."

"விசாரியுங்கோ. அப்பான்ரை மீன்பிடி போட்டையும் வித்தாச்சு. அவற்றை எண்டு சொல்ல வேறை ஒண்டும் மிஞ்சேல்லை. அந்த ஜீபிஎஸ் மிசினிலை எத்தினையோ இடம் பதிஞ்சு கிடக்கு. அந்த ஒண்டிலை மட்டும்தான் தன்ரை பேரை அடிச்சு வைச்சிருக்கிறார். அந்தப் புள்ளி போனால் நானும் தளத்தை விட்டுப் போயிடுவன்."

எனக்கு முத்துச்சிப்பி மேல் நல்ல கோபம் வந்தது. செத்த மனிதனோடு என்ன பகை?

3. கள ஆய்வு

காணிப் பகுதியில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. இரண்டு பகுதியையும் தனித்தனியே கேள், பிறகு ஒன்றாக இருத்திக் கேள், இடத்தைப் பார்க்காமல் வாய் திறக்காதே. கடலில் போய் நான் எதைப் பார்ப்பது? எனக்குக் கடல் என்றால் தீவுக்குப் போகிற பஸ்ஸின் யன்னலால் தெரிவதுதான். ஆகவே முதல் இரண்டையும் செய்வோம் என்று முத்துச்சிப்பிக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். "எழுத்தில் சொல்ல முடியாது. நேரே வாருங்கள்" என்று பதிலும் முகவரியும் வந்தன.

போனால், அவர் மெற்றில்டா ரீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். அவருடைய கணவர் அருள் முற்றத்தில் இருந்து கம்பியால் மீன் கூடு பின்னிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டைக் கடலடியில் இறக்கிவிட்டு வந்தால் மீன் தானாக உள்ளே போய் அகப்படும்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "பார் இல்லை எண்டு எழுதியிருக்கிறியள் ரீச்சர். அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்?"

"ஆர் சொன்னது இல்லை எண்டு? இருக்கு. அந்தப் புள்ளி வைச்ச இடத்திலைதான் இருக்கு. அச்சொட்டா."

"அப்ப ஏன் இல்லை எண்டு எழுதினனீங்கள்?"

"வேறை என்னத்தை எழுத? 'இருக்கு, தயவுசெய்து ஒருத்தரும் பாக்காதேங்கோ' எண்டோ?"

முற்றத்தில் இருந்து அருள் சிரித்தார். "அக்கா, கடலாலை வாற ஆளிட்டை எங்கை மீன் பட்டது எண்டு கேட்டுப் பாருங்கோ. மேற்கை பட்டிருந்தால் கிழக்கை எண்டுதான் சொல்லுவான். கேட்டவனுக்கும் அது தெரியும். அதிலை ஒரு கோவமும் இல்லை. ஆராவது உள்ளதைச் சொன்னால்தான், ஐயோ உவனுக்கு என்ன வருத்தமோ எண்டு யோசிப்பம்."

ரீச்சர் சிரிக்கவில்லை. "எங்கடை கூடு எல்லாம் அங்கைதான் கிடக்கு. எங்கடை மட்டுமில்லை, இன்னும் நாலைஞ்சு வீட்டு ஆக்களின்ரையும். ஒருத்தருக்கும் தெரியாததுதான் அதுக்குக் காவல். இப்ப எல்லாற்றை கையிலையும் போன். புள்ளியைத் தட்டினால் அதுவே வழி காட்டிக் கொண்டுபோய் விடும். சிலிண்டர் கட்டிச் சுழியோடுற ஆக்கள் ஒரு கிழமையிலை துடைச்சுப்போட்டுப் போயிடுவினம். பேந்து இந்த மனிசன் கூட்டை எங்கை கொண்டுபோய் இறக்கிறது?"

காணியில் எல்லைக்கல்லைக் காட்ட மறுப்பவன் அதை நகர்த்தியிருப்பான். அந்தக் கண்ணோடுதான் நான் அன்று குருநகருக்குப் போனேன். கடலில் கணக்கு நேரெதிராக இருந்தது; மறைத்தவர்தான் காத்தார். நாலைந்து வீட்டு வருமானத்தை ஒரு புள்ளியாக்கி ஊருக்குக் காட்டிவிட்டார் அலைமகன். அதுவும் தகப்பன் மேல் இருந்த பாசத்தில்.

"உங்களுக்கு அந்த இடம் எப்பிடித் தெரியும்?" என்று அருளிடம் கேட்டேன்.

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "சூசையண்ணைதான் சொன்னவர். கடைசி நாளிலை, ஆசுப்பத்திரியிலை வைச்சு."

"மகனுக்குச் சொல்லேல்லையோ?"

"பெடியன் கடலுக்குப் போறேல்லையே அக்கா."

இதை இனி அந்தப் பெடியனுக்கு யார் சொல்வது? பேச்சுப் பக்கத்தில் எழுதவும் ஏலாது. எழுதினால் பார் இருப்பதை நானே உறுதிப்படுத்தியது போல் ஆகிவிடும்.

4. ஒன்றாக இருத்திக் கேட்டது

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் றெஜியை ரீச்சர் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒரே பங்குக் கோயில் ஆட்கள், முகம் தெரிந்தவர்கள். தளத்தில் பெயர் மறைத்து எழுதியதால், தன்னோடு சண்டை பிடிப்பது ரீச்சர் என்று றெஜிக்குத்தான் தெரியவில்லை.

"நீங்களோ ரீச்சர்?" என்று றெஜி படலை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஓம். நீதானே அலைமகன்? தண்ணியிலை கால் நனைக்காத ஆளுக்கு உந்தப் பேர் வேறை."

நான் ரீச்சரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொல் போய்த் தைத்துவிட்டது. றெஜிக்கு முகம் சிவந்தது. "நனைக்கேல்லைத்தான். அதுக்காக அப்பாவைப் பொய்யன் எண்டுவியளோ?"

அருள் எழுந்து வந்து அவனுக்குக் கதிரை போட்டார். "இரு தம்பி. உன்ரை அப்பா பெரிய பொய்யன்தான். அவற்றை கெட்டித்தனமே அதுதான். நான் பத்து வருசமா அவருக்குப் பின்னாலை போட்டை விட்டுப் பாத்தனான். ஒருநாள் என்னைக் கண்டிட்டு, ஒண்டுமில்லாத வெளியிலை கூட்டை இறக்கிற மாதிரி நடிச்சு, அரை நாள் என்னைக் காய விட்டவர். நானும் போய்ப் பக்கத்திலை கூட்டை இறக்கினன். ஒரு நண்டு கூட வரேல்லை."

றெஜியின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. தகப்பனின் குணம் அவனுக்குத் தெரியாததா? பிறகு அருள் மெல்ல விசயத்துக்கு வந்தார். கூடுகள் அங்கே கிடப்பதைச் சொன்னார். ஆசுப்பத்திரியில் தன் கையைப் பிடித்துச் சூசையண்ணை இடத்தைச் சொன்னதையும் சொன்னார்.

"எனக்குச் சொல்லேல்லை," என்றான் றெஜி.

ரீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையால் மறித்தேன். விசாரணையில் சில இடங்களில் யாரும் பேசக் கூடாது.

அருள்தான் பிறகு பேசினார். "நீ கடலுக்கு வரேல்லை எண்டு அவருக்கு ஒரு கவலையும் இல்லை. 'என்ரை பெடியன் நனையாமல் உழைக்கிறான்' எண்டு கரை முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர். பாரை எனக்குச் சொன்னது எங்கடை அடுப்பு எரியட்டும் எண்டு. உன்ரை அடுப்பு எரியும் எண்டு அவருக்குத் தெரியும்."

றெஜி தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்தான். "போட்டு வாறன்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். வழக்கு கையை விட்டுப் போய்விட்டது, ஒரு நல்ல தொகுப்பாளரையும் இழந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். வீடு வந்து சேரும்வரை எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

5. மறைத்தது

அடுத்த நாள் காலையில் தளத்தைத் திறந்தேன். புள்ளி இல்லை. அழித்தவர் அலைமகன். காரணப் பெட்டியில் இப்படி எழுதியிருந்தான்: "நான் பிழையாகக் குறித்துவிட்டேன். என் தந்தைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பாரும் தெரியாது."

எழுதியது முழுப் பொய். எங்கள் தளத்தில் பொய்யைக் கண்டால் திருத்த வேண்டியது நான்தான். நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, எழும்பிப் போய் முகம் கழுவினேன்.

புதிய நிருவாகிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளியை அழித்தாலும் பழைய பதிப்புகள் வரலாற்றில் கிடக்கும். யாரும் போய்ப் பார்க்கலாம். அதையும் மறைக்க வேண்டுமென்றால் இரண்டு நிருவாகிகள் சம்மதிக்க வேண்டும். நான் கஜனுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, எனக்கு விளங்குது. ஆனா கொள்கையிலை அப்பிடி ஒரு காரணம் இல்லையே. உண்மையான தகவலை எப்பிடி மறைக்கிறது?"

"நீர் கோடையிலை குளத்திலை தூண்டில் போட்டுப் பெரிய மீனோடை படம் போடுறனீரல்லோ?"

"ஓம்?"

"அது எந்தக் குளம், எந்தக் கரை எண்டு ஒரு புள்ளி வையும் பாப்பம்."

"அக்கா, அது வேறை."

"என்ன வேறை?"

பதிலுக்குப் பெருஞ் சிரிப்பு. "சரி சரி, மறைக்கிற பொத்தானை நான் அமத்திறன்" என்றார். அவர் அமத்த, நானும் அமத்தினேன். புள்ளியோடு சேர்ந்து றெஜி எழுதிய அந்த வரியும் மறைந்தது. அதன் பிறகு, ஆட்கள் தொழில் செய்யும் கடலடி இடங்களைக் குறிப்பதில்லை என்று பொதுவாக ஒரு விதி எழுதிச் சேர்த்தோம்.

நான் படித்தது இவ்வளவுதான் பிள்ளைகள். ஒரு தகவல் சரியா பிழையா என்று பார்ப்பது நம் வேலைதான். அதற்கு முன்னால், அந்தத் தகவலை நம்பி யாருடைய உலை கொதிக்கிறது என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். ஆதாரம் காட்டாமல் அழிப்பவர் எல்லாம் விசமி இல்லை. சொல்ல முடியாத காரணமும் இருக்கும். அப்படியானவரைத் தடை செய்யுமுன் ஒரு போன் எடுங்கள், ஏலுமென்றால் பஸ் ஏறிப் போங்கள். இதில் வரும் பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். பார் எந்தத் திசையில் என்று என்னைக் கேட்டால், கிழக்கே என்பேன்.

வரலாற்றை மறைத்த அன்றே ரீச்சருக்குப் போன் எடுத்து, றெஜி எழுதியிருந்ததைச் சொன்னேன். அவர் அதை உரத்து அருளுக்குச் சொன்னார். பின்னால் அருளின் குரல் கேட்டது. "பாத்தியே? அப்பனை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கிறான்!"

அதை அப்படியே றெஜிக்குச் சொல்லவென்று கடைக்குப் போன் எடுத்தேன். கடையில் யாரோ போன் விலை கேட்டார்கள். 'கொஞ்சம் பொறுங்கோ' என்று றெஜி அவர்களுக்குச் சொல்வது கேட்டது.

பிறகு, "மெய்யாவே அப்பிடிச் சொன்னவரோ அக்கா?" என்று கேட்டான்.