கிஸ்லேன் திரும்பப் பெற்ற கோதுமை சோப்பு

பிரான்சில் ஷார்த்ர் நகரத்துக்கு வெளியே, கோதுமை வயல்களை ஒட்டி எங்கள் கம்பெனி இருக்கிறது. நான் டப்பாக்களில் கிரீம் நிரப்பும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கிஸ்லேன் எவ்ரார், அந்தக் கிரீமில் எது எவ்வளவு சேர வேண்டும் என்று முடிவுசெய்யும் வேதியியலாளர். அவள் அப்பா கோதுமை விவசாயி, கணவன் ரெஜிஸ் ரொட்டிக்கடைக்காரன்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் கோதுமையிலதான் சம்பாத்தியம். அதை மூஞ்சியில பூசிச் சம்பாதிக்கிறவ நான் ஒருத்திதான்" என்பாள்.

கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்தால் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்படி அவள் செய்த முகச் சோப்பு குழைவாக நுரைத்தது. கழுவிய பிறகு முகம் இழுக்கவில்லை. நன்றாக விற்றது. அடுப்புச் சூட்டில் முகம் வறண்டுபோயிருந்த ரெஜிஸும் காலையும் மாலையும் அதையே தேய்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயிறு நிறைய ரொட்டி தின்றுவிட்டுச் சைக்கிளில் கிளம்பியவன் பாதி வழியில் சரிந்து விழுந்தான். இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மூச்சு விட முடியவில்லை. மருத்துவமனையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். கோதுமை ஒவ்வாமை என்றார் டாக்டர்.

"பொறந்ததுலேர்ந்து ரொட்டிதான் தின்னுறேன் டாக்டர். இன்னிக்கு மட்டும் அதுக்கு என் மேல என்ன கோவம்?"

"சமீபத்துல கோதுமை கலந்தது ஏதாவது தோல்ல பூசுறீங்களா?"

ரெஜிஸ் மனைவியைப் பார்த்தான். மறுநாளே சோப்பை டாக்டரிடம் கொண்டுபோனாள். சோப்புக் கரைசலில் ஒரு துளியை ரெஜிஸின் கையில் வைத்து ஊசியால் லேசாகக் குத்தியதும் அந்த இடம் தடித்துச் சிவந்தது. புரதம் போதிய அளவு உடைபடவில்லை. அந்தப் பெரிய துண்டுகளைத் தினமும் நுரையோடு தேய்த்ததில் உடம்பு கோதுமையைப் பகையாக எடுத்துக்கொண்டுவிட்டது. பிறகு அதையே தின்று, உடம்பை வருத்திச் சைக்கிள் ஓட்டியதும் சீறிவிட்டது.

முதலாளி லெமுவாஞ் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒருத்தருக்குத்தானே வந்திருக்கு. ரொட்டிக்கடைக்காரர் வேற. மாவு மூக்குல ஏறினதால வந்ததுன்னு சொல்லிடலாம்."

"நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். சோப்பு எல்லாக் கடையிலேர்ந்தும் திரும்பி வரணும். இல்லன்னா நானே அதிகாரிகள்கிட்ட போவேன்."

"உன் சோப்பும்மா அது. கெடப்போறது உன் பேருதான்."

"அதனாலதான் நான் வந்து கேக்குறேன்."

சோப்பு திரும்பி வந்தது. அறிவிப்பைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் இதே தொல்லையோடு வந்தார்கள். அதற்குமேல் மாவின் மேல் பழி போட வழியில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சிலர், இவளால் வேலை போகப்போகிறது என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கோதுமையை அவள் விடவில்லை. நொதிகளைக் கொண்டு புரதத்தை இன்னும் பொடியாக வெட்டினாள். ஒவ்வொரு கலவையையும் மருத்துவமனை ஆய்வகத்துக்கு அனுப்பி, பாதிக்கப்பட்டவர்கள் விரும்பிக் கொடுத்த ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னாள். பெரிய துண்டு இருந்த கலவைகளை அந்த ரத்தம் உடனே கண்டுகொண்டது. அவற்றையெல்லாம் கொட்டினாள். இரண்டு வருடம் இப்படிப் போனது. கடைசியில், எந்த ரத்தமும் கண்டுகொள்ளாத அளவுக்குச் சிறிய துண்டுகள் கிடைத்தன. அவற்றைச் சேர்த்துச் செய்த புதுக் கிரீம் தோலுக்கு ஈரம் தந்தது, முகத்தின் மெல்லிய கோடுகள் கொஞ்சம் மங்கின. சுருக்கம் மறையும் என்று விளம்பரத்தில் போட அவள் விடவில்லை. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும் என்று டப்பாவின் முன்பக்கத்திலேயே அச்சடிக்க வைத்தாள்.

சோப்பை நிறுத்திய பிறகு ரெஜிஸுக்கு ஒவ்வாமை மெல்ல மெல்லக் குறைந்தது. சென்ற வசந்தத்தில், மருத்துவமனையில் டாக்டர் பக்கத்தில் இருக்க, ஒரு துண்டு ரொட்டி தின்றான். ஒன்றும் ஆகவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய இன்னொரு துண்டு கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் புதுக் கிரீமை எடுத்துப் பார்த்தான். "இதுல எல்லாம் பொடித் துண்டுதானே? நானும் பூசிக்கட்டுமா?"

கிஸ்லேன் டப்பாவைப் பிடுங்கினாள். "ஊரே பூசட்டும். நீ பூசக் கூடாது."

அவனுக்கென்று கோதுமையே இல்லாத களிம்பு ஒன்றை இப்போது தனியாகச் செய்துகொண்டிருக்கிறாள்.