கருவாட்டு வாசனையைத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம்: என் முதல் கிரிவலம்

போன வாரம் ஒரு வாசகர், முதல்முறையாகத் திருவண்ணாமலை போவதாகவும், கிரிவலத்துக்கு என்னவெல்லாம் எடுத்துப்போக வேண்டும் என்றும் கேட்டிருந்தார். பட்டியல் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் என் முதல் கிரிவலத்தையே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். சாமி கதையாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், இதில் பாதி கருவாடு.

1983, சித்திரை மாதம். எனக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணமாகி ஒன்றரை வருடம். திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. மாசி கடைசியில் எனக்கு அம்மை போட்டது. அம்மை இறங்கி, மூன்று தண்ணீர் ஊற்றி, பொருக்கெல்லாம் உதிர்ந்தும் பசி மட்டும் வரவே இல்லை.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது, கடுகு வெடிக்காது, மீன், கறி என்று எந்தக் கவுச்சியும் வாசலுக்கே வராது. மூன்றாம் தண்ணீரோடு அதெல்லாம் முடிந்துவிட வேண்டும். ஆனால் என் மனைவி மல்லிகா, எனக்கு ஜுரம் கொதித்த ஒரு நாள் அண்ணாமலையாரிடம் ஒன்று வேண்டிக்கொண்டிருந்தாள்: "இவர் எழுந்து உன் மலையைச் சுத்தி முடிக்கிற வரைக்கும் வீட்ல தாளிக்க மாட்டேன், கவுச்சி தொட மாட்டேன், நானும் ஒரு பொழுதுதான் சாப்பிடுவேன்."

சிக்கல் புரிகிறதா? மலை சுற்ற எனக்குத் தெம்பு வேண்டும். தெம்பு வர சாப்பிட வேண்டும். சாப்பிடப் பசி வேண்டும். வீடோ வேப்பிலையும் மஞ்சளும் சாம்பிராணியுமாக அப்படி மணக்கிறது! மூக்கில் ஏறினாலே படுத்துக்கொள்ளத் தோன்றும். வெறும் பருப்பு, வெறும் மோர், இளநீர். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. தாளிச்சுக் கொட்டுடி என்று கத்திப் பார்த்தேன். "சாமி விஷயத்துல வாய வுடாதீங்க" என்று முடித்துவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்து, "இனிமே மருந்து இல்லை, சோறுதான்" என்றார். மல்லிகாவும் இளைத்துக்கொண்டே வந்தாள். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. நான் அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை, மலையை முடிந்தவரை சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டர். 10.15 பஸ், டிக்கெட் ஐந்து ரூபாய் பத்து காசு. மல்லிகா மடியில் ஒரு தூக்கு, அதில் தாளிக்காத தயிர்சாதம்.

பஸ் நகரும் நேரத்தில் ஒரு பெண்மணி பெரிய கூடையோடு ஏறினார். நாற்பது வயதிருக்கும். மரக்காணத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் கருவாடு கொண்டுபோய் விற்கிறவர். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, எங்களுக்கு அவர் கடைசிவரை மரக்காணத்தம்மாதான். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, கூடைய மேல போடு. பஸ்ஸே நாறுது."

"மேல போட்டா காக்கா பாதி தூக்கினு பூடும். நீ வந்து காவ காக்கிறியா? லக்கேஜ் போட்டுத்தான கீறேன், உடு."

கூடை என் காலடிக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். முன் சீட்டுக்காரர் துண்டால் முகத்தையே கட்டிக்கொண்டார். காற்றே புகாத வெயில் பஸ்ஸில் நெத்திலியும் வாளையும் காரையும் சேர்ந்து வீசினால் எப்படி இருக்கும்! உப்பு, ஈரச் சாக்கு, கொஞ்சம் அழுகல். யாரும் நல்ல வாசனை என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் என் வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினேன், மறுபடியும் ஊறியது. செஞ்சி தாண்டுவதற்குள் வயிறு சத்தம் போட்டது, மல்லிகாவுக்கே கேட்கும் அளவுக்கு.

"பசிக்குதுடி" என்றேன்.

அவள் என்னை ஏதோ பேய் பிடித்தவனைப் போலப் பார்த்தாள். பிறகு தூக்கைத் திறந்தாள். தயிர்சாதத்தை ஒரு வாய் போட்டு, குனிந்து கூடைப்பக்கம் ஒரு மூச்சு இழுத்தேன். அடுத்த வாய், அடுத்த மூச்சு. தூக்கு காலி. நாற்பது நாளில் நான் சாப்பிட்ட முதல் முழுச் சாப்பாடு அது.

மரக்காணத்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாம்மா உன் வூட்டுக்காரு, வாசனையத் தொட்டுக்கினு துன்றாரு!"

மல்லிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை, சந்தேகம் வந்தது. "யக்கா, மோந்து பாத்தா விரதம் கெடுமா?"

"காத்து எங்கூடையிலருந்து வருது. உங்க வூட்டு அடுப்புலருந்தா வருது? கெட்டா எனக்குக் கெடட்டும், போ."

நான் இதைப் பற்றிப் பல வருடம் யோசித்திருக்கிறேன். நல்ல வாசனைகள் எல்லாம் அந்த நாற்பது நாளும் என்னிடம், நீ நோயாளி, படு என்றே சொல்லிக்கொண்டிருந்தன. கருவாடு அப்படியில்லை. அது வீசினால் எங்கேயோ சோறு வெந்துகொண்டிருக்கிறது என்று என் உடம்புக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மூக்கு முகம் சுளித்தாலும் வயிறு அதை நம்பிவிட்டது.

பன்னிரண்டரைக்கு இறங்கினோம். பௌர்ணமிக் கூட்டத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் தேடி அறை கிடைக்கவே நாலு மணி ஆனது, வாடகை பதினைந்து ரூபாய். சாயங்காலம் ஓட்டலில் மல்லிகா வெறும் சோறும் வெறும் தயிரும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொன்னாள். தயிர்சாதமே இருக்கிறதே என்றார் சர்வர். அதில் கடுகு இருக்கிறதே என்றாள் இவள். பொட்டலத்தோடு கடைத்தெருவில் மரக்காணத்தம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் கடைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் என்னை உட்காரவைத்தாள். போகிற வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க, கருவாட்டுக் குவியலுக்கு நடுவே தயிர்சாதம் சாப்பிட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். வெட்கமே இல்லை. அப்படி ஒரு பசி.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ராஜகோபுரத்திலிருந்து கிளம்பினோம். சுற்று பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால். இன்றைக்கு இருக்கிற விளக்கும் நடைபாதையும் கடையும் அப்போது கிடையாது. செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டியதும் புளியமரமும் கப்பிக்கல் ரோடும்தான். நான் நன்றாகவே நடந்தேன். அடிக்கொரு தரம் திரும்பி, "பாத்தியா, பாத்தியா" என்று பெருமை வேறு.

ஆதி அண்ணாமலை கிட்ட, ஏறக்குறைய பாதி தூரத்தில், திரும்பினால் அவளைக் காணோம். பின்னால் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. கண்ணு இருட்டுது."

"கடைசியா எப்ப சாப்ட்ட?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி கேட்டேன்.

"முந்தாநாள் மத்தியானம்."

அவளுக்கு ஒரு பொழுது என்றால் மத்தியானம் மட்டும்தான், பொழுது சாய்ந்தால் தொட மாட்டாள். நேற்றைய பொழுது அந்தத் தூக்கில் இருந்தது. அது இரண்டு பேருக்குக் கட்டிய சோறு. நான் மூச்சு இழுத்து இழுத்துக் காலி செய்தேனே, அது!

"பைத்தியமாடி நீ? வாயத் தொறந்து சொல்ல வேணாம்?"

"நாப்பது நாளு கழிச்சு பசிக்குதுனு சொன்னீங்க. அந்த நேரத்துல எனக்கும் குடுங்கனு கேக்கச் சொல்றீங்களா?"

பக்கத்தில் யாரோ புண்ணியவான் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் ஒரு சொம்பு வாங்கிவந்தேன். உள்ளே பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். "கடுகு மிதக்குது."

கோபத்தில் தலையில் அடித்துக்கொண்டேன். திரும்பிப் போய்விடலாம் என்றேன். "திரும்பினாலும் அதே தூரம்தான். நீங்க முடிச்சாத்தான் நான் வாய் வெக்க முடியும், நடங்க" என்றாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டி ரோட்டில் கைபிடித்து நடந்தால் சிரிப்பார்கள். சிரித்தார்கள். மீதி ஏழு கிலோமீட்டருக்கு நாலே கால் மணி நேரம் ஆனது. ஊர்ப்பக்கம் வந்ததும் தார் சுட்டது. உச்சி வெயில் வருவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று அண்ணாமலையாரிடம் நான் வேண்டியது அன்றைக்குத்தான், அதுவும் எனக்காக இல்லை.

பதினொன்று இருபதுக்கு ராஜகோபுரம். கற்பூரம் ஏற்றி விழுந்து கும்பிட்டு எழுந்தவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தக்கா கடை எந்தப் பக்கம்?"

மரக்காணத்தம்மா எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். தன் மத்தியானச் சாப்பாட்டை எடுத்தார். சோறும், கத்திரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். "கோபுரத்துக்கு முதுகு காட்டி உக்காரும்மா, போதும், சாமி ஒண்ணும் கேக்காது" என்று நீட்டினார். மல்லிகா குழம்பைப் பிசைந்தாள். அந்த வாசனை எழுந்ததும் எனக்கு மறுபடியும் வாய் ஊறியது. ஒரு உருண்டை என் பக்கம் நீட்டினாள். "நீ சாப்பிடு" என்றேன். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை எச்சிலை விழுங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, காரத்தின் மேல் பழி போடக்கூட நான் சாப்பிட்டிருக்கவில்லை.

சரி, போகிறவர்களுக்கு. சித்திரையில் போனால் காலை ஐந்து மணிக்கு மேல் கிளம்பாதீர்கள், ஒன்பதுக்கு மேல் வெறுங்காலால் தார் ரோட்டில் நடக்க முடியாது. நோயிலிருந்து எழுந்தவர்கள் முழுச் சுற்றும் போக வேண்டும் என்று வீம்பு பிடிக்காதீர்கள், ஆதி அண்ணாமலையிலிருந்து இப்போது ஆட்டோ கிடைக்கிறது. தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர் சாப்பிட்டாரா என்று கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள், அவர் ஆமாம் என்றாலும் எப்போது என்று கேளுங்கள். நான் அதைக் கேட்க ஏழு கிலோமீட்டர் ஆயிற்று.