பக்கெட்டா, பதக்கமா?

ஆஸ்பத்திரி விளையாட்டு விழாவில் சலவைப் பிரிவு அம்மா ஒருவர் சைக்கிளை வெறிகொண்டு ஓட்டிவந்து, காசாளரை இடித்துத் தள்ளி, அவர் கழுத்தில் கிடந்த பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு பேச்சு. எனக்கு இதைச் சொன்ன முடிதிருத்துபவர் காசாளருக்கு இரண்டு பல் போச்சு என்றார். நான் டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் பல் நான்காகிவிட்டது. இப்படியே விட்டால் மனிதர் கஞ்சி குடித்துத்தான் காலம் தள்ள வேண்டியிருக்கும் என்று பயந்து நேரிலேயே கிளம்பினேன்.

காசாளர் தன் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. பதக்கமும் அவரிடம்தான் இருந்தது. வெறிகொண்ட சைக்கிளைப் பற்றிச் சொல்வதானால், அந்த அம்மா அன்று ஓட்டியதைவிட மெதுவாக ஒரு சைக்கிளை ஓட்ட முடியாது. ஏனென்றால் அது ஸ்லோ சைக்கிள் பந்தயம். காலைத் தரையில் ஊன்றாமல் கடைசியாக வருகிறவருக்குத்தான் வெற்றி.

அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி முழுக்க 'பிரேக் அக்கா' என்று பெயர். பெயர் சைக்கிளுக்கு மட்டும்தான் பொருந்தும், வாய்க்குப் பொருந்தாது. கீழ்த்தளத்தில், ஈரமான படுக்கைவிரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டுத் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தில் வேலை. அந்த இரைச்சலில் கத்திப் பழகிய குரல், மேல்மாடி நோயாளிகளுக்கும் கேட்கும்.

சைக்கிளில் இந்த வித்தை எப்படி வந்தது என்று கேட்டேன். வீம்பால் வந்தது என்றார். வீட்டுக்குப் போகிற சந்து குறுகல். எதிரே எப்போதும் ஒரு தள்ளுவண்டி, இல்லாவிட்டால் குழாயடிச் சண்டை. மற்றவர்கள் காலை ஊன்றி நிற்பார்கள். அக்கா நிற்கமாட்டார். "நான் எதுக்கு கால ஊனணும்? அவங்க நகரட்டும்!" என்று சைக்கிளிலேயே தள்ளாடிக்கொண்டு, சண்டைக்கு இரண்டு பக்கமும் நியாயம் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்வார்.

பிறகு கேட்பானேன், வருஷா வருஷம் வெற்றி அக்காவுக்குத்தான். பரிசு, ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அங்கேதான் வயிற்றெரிச்சல். ஓட்டம், இறகுப்பந்து, கேரம் எல்லாம் 'விளையாட்டு' என்ற பட்டியலில் வரும். அதில் ஜெயித்தால் பதக்கம். வாசலில் மாட்டியிருக்கும் பலகையில் தங்க எழுத்தில் பெயரும் ஏறும். ஸ்லோ சைக்கிள், மியூசிக்கல் சேர், சாக்கு ஓட்டம் எல்லாம் 'கேளிக்கை'. அதற்குப் பக்கெட். அக்கா வீட்டில் அரிசி பக்கெட்டில், செருப்பு பக்கெட்டில், பழைய கணக்குப்புத்தகங்கள்கூடப் பக்கெட்டில். "இன்னொன்னு வந்தா நான் வெளியிலதான் படுக்கணும்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு ஒரே ஆசைதான்: அந்தப் பலகையில் பெயர் ஏற வேண்டும்.

இந்த வருஷம் விழாக் குழு கூடியபோது அழையாமலேயே உள்ளே போனார். குழு என்றால் மூன்று பேர். செயலாளர், இயன்முறை மருத்துவரான பிசியோ, அவரே கேரம் சாம்பியன். பொருளாளர், நம்ம காசாளர். தலைவி, மேட்ரன். கூடிய இடம் பிசியோவின் பயிற்சி அறை.

"அக்கா, விளையாட்டுன்னா ஒரு வேகம் வேணும்ல?" என்றார் பிசியோ.

"கேரம்ல நீங்க என்ன வேகத்துல போறீங்க தம்பி?"

"அது மூளை விளையாட்டுக்கா."

"இது முழங்கால் விளையாட்டு. எழுதிக்கோங்க."

காசாளர் குறுக்கே வந்தார். "வியர்க்கணும்மா. வியர்க்காம என்ன விளையாட்டு?"

"எங்க ரூமுக்கு வந்து சும்மா நில்லுங்க சார், வியர்த்துக் கொட்டும். அதுக்கு ஒரு மெடல் குடுப்பீங்களா?"

பிசியோ விஞ்ஞானத்தைக் கூப்பிட்டார். அக்கா விரலில் நாடித்துடிப்புக் கருவியை மாட்டி, நோயாளிகள் நடந்து பழகும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சைக்கிளை ஓட்டச் சொன்னார். துடிப்பு ஓட்டக்காரருக்கு ஏறுவதுபோல் ஏறியது. ஒப்பிட்டுப் பார்க்கக் காசாளர் விரலிலும் மாட்டினார். அவருக்கு அதைவிட அதிகம்! அக்கா அந்த அறையில் புதிதாக வாங்கி வைத்திருந்த பயிற்சிக் கருவிமேல் விழுந்தால் அதற்கு யார் கணக்குச் சொல்வது என்ற பயம். அந்த இலக்கணப்படி நாற்காலியில் உட்கார்ந்து பயப்படுவதும் விளையாட்டாகிவிடும் என்பதால் விஞ்ஞானத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கடைசியில் மேட்ரன் வாய் திறந்தார். "தோத்தவங்க அழுதா அது விளையாட்டு. பக்கெட்டுக்காக யாரும் அழுது நான் பாத்ததில்ல. இந்த வருஷம் மெடல் வெச்சுப் பாப்போம். யாராவது மனசு உடைஞ்சு அழுதா பலகைல பேர் ஏத்தலாம். இல்லன்னா பழையபடி பக்கெட்டு."

ஆக, ஸ்லோ சைக்கிளுக்கு எல்லா மரியாதையும் வந்தது. சுண்ணாம்புக் கோடு, விசில், முடிவில் பிடிக்க ஒரு சிவப்பு நாடா. அந்த நாடாவில்தான் வினை இருந்தது.

ஆள் குறைகிறது என்று காசாளரும் பெயர் கொடுத்திருந்தார். விசில் ஊதியது. மெதுவாகப் போனால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் மனிதர் மிதி மிதி என்று மிதித்தார். நேரே போய் நாடாவை அறுத்தார். சிறப்பு விருந்தினர் ஒரு பழைய ஓட்ட வீரர். நாடாவை அறுத்தவன் கழுத்தில் பதக்கம் மாட்டியே பழக்கப்பட்டவர். மாட்டிவிட்டார். கூட்டம் கைதட்டியது. என்ன சத்தம் என்று தலை தூக்கிப் பார்த்த மற்ற போட்டியாளர்கள் வரிசையாகக் காலை ஊன்றினார்கள். பாதி வழியில் பிரேக் அக்கா மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

பிசியோ ஓடினார். "அக்கா, கோட்டத் தாண்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்!"

"தாண்டினதும் ரெண்டாவதுன்னு எழுதிட்டுப் போயிடுவீங்க. பேசிட்டுத் தாண்டறேன்!"

காலை ஊன்றினால் தோல்வி. அதனால் சைக்கிளில் இருந்தபடியே வாதம். தொடை நடுங்குகிறது, கைப்பிடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வெட்டுகிறது, வாய் மட்டும் நேராகப் போகிறது. கூட்டத்திலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்: "விடும்மா, இறங்கி வா! நானே ஒரு பக்கெட் வாங்கித் தர்றேன்!"

"நீங்க சும்மா இருங்க!" என்று திரும்பியதில் சைக்கிள் சாய்ந்தது. கூட்டம் 'ஐயோ' என்றது. அக்கா இடுப்பை வெட்டி நிமிர்த்தினார். அவ்வளவுதான், அதுவரை ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அடுத்த ஓட்டத்துக்குக் காத்திருந்தவர்கள்கூடக் கயிற்றோரம் வந்து "விடாதீங்க அக்கா!" என்று கூவினார்கள்.

மேட்ரன் விருந்தினரின் காதில் விஷயத்தைச் சொன்னார். "கடைசியா வந்தாதான் முதலா? இத முன்னாலேயே சொல்றதுக்கென்ன?" என்று அவர் மைக்கிலேயே கேட்டுவிட்டு, அக்காதான் வென்றார் என்று அறிவித்தார். அதைக் காதில் வாங்கிய பிறகுதான் அக்கா நிதானமாக வந்து கோட்டைத் தாண்டினார்.

விருந்தினர் பதக்கத்தைத் திரும்ப வாங்கப் போனால் காசாளர் அதைக் கையால் பொத்திக்கொண்டார். கண் கலங்கியது. "சார், எல்.கே.ஜி.லேர்ந்து நான் எதுலயும் முதல்ல வந்ததில்ல. இன்னிக்கு எங்க மாமியார் வந்திருக்காங்க." சொல்லும்போதே பொலபொலவென்று கொட்டியது. மூன்றாவது வரிசையில் அந்த அம்மாள் கைப்பேசியில் மருமகனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மேட்ரன் மைக்கை வாங்கினார். "அழுதாச்சு. இது விளையாட்டுதான்."

பலகையில் இப்போது அக்காவின் பெயர் இருக்கிறது. நான் பார்த்தேன், தங்க எழுத்து. விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைக்கிறார். பதக்க விஷயம்தான் பாக்கி. அன்று அழுத மனிதரைப் பார்த்து மனம் இளகி, "போட்டுக்கோங்க சார். மாமியாரம்மா ஊருக்குப் போனதும் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் போன அன்றும் அக்கா ஜன்னலில் வந்து கேட்டார். "மாமியாரம்மா கிளம்பியாச்சா சார்?"

"இன்னும் நாலு நாள் இருக்கட்டுமேன்னு நான்தான் சொன்னேன்" என்றார் காசாளர், ரசீதில் முத்திரை குத்திக்கொண்டே. போன வாரமும் அதையேதான் சொன்னாராம்.