பத்தாவது ஆள் வரும்வரை

கம்பத்திலிருந்து மலையேறும் ஜீப் பத்துப் பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான் தினமும் அதில்தான் போகிறேன்.

அதன் ஓட்டுநருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த மீசை, முழங்கைவரை மடித்த காக்கிச் சட்டை. ஆள் சேரும்வரை முன்சீட்டில் உட்கார்ந்து கிட்டார் பழகுவார். சில நாள் கால்மணி நேரம் கிடைக்கும், சில நாள் ஐந்து நிமிடம். எப்போதும் ஒரே பாட்டின் முதல் இரண்டு வரிகள்தான். தந்திகளை அழுத்தும் ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு விரல் மாறும் இடத்தில் பாட்டு நின்றுவிடும்.

"இது முடியுறதுக்குள்ள ஏலக்கா பழுத்து உதிர்ந்துரும்ணே" என்பார்கள் காய் எடுக்கப் போகும் பெண்கள்.

"உதிரட்டும் ஆத்தா, பெறக்கிக்கலாம்."

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, பத்தாவது ஆள் ஏறிய பிறகும் வாசித்துக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.

"நாலு நிமிஷம் ஆச்சுண்ணே. வண்டி ஓட்ட வந்தீகளா, கச்சேரி பண்ண வந்தீகளா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் கிட்டாரை உறையில் போட்டார்.

"இன்னைக்குத்தான் சார் வெரலு நிக்காம மாறுச்சு. அதான் இன்னொருக்கா பாத்தேன்."

அன்றைய டைரியில் 'ஜீப் நான்கு நிமிடம் தாமதம்' என்று எழுதியிருக்கிறேன். அவர் சொன்னதை எழுதவில்லை.

மறுநாளிலிருந்து கிட்டார் வரவில்லை. கொண்டுவரும்படி இரண்டு முறை கேட்டேன். "அது வீட்ல கெடக்கு சார்" என்றார்.

ஜீப் இன்றும் பத்துப் பேருக்காகக் காத்துத்தான் நிற்கிறது. அவருடைய இடதுகை விரல்கள் ஸ்டியரிங்கின் மேல் பிடி மாற்றிக்கொண்டிருக்கின்றன. நான் ஏறியதும் நின்றுவிடுகின்றன.