மிளகுத் தோட்டத்து வழி

என் தங்கை பள்ளிக்குப் போன கடைசி வாரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசினால் நான் மாட்டிக்கொள்வேன் என்பதால் நானும் எடுப்பதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் மலையூரான வாழவந்தி நாட்டில் நான் ஐந்தாம் வகுப்பு, அவள் ஒன்றாம் வகுப்பு. பெரியப்பாவின் மிளகுத் தோட்டம் வழியாகத்தான் பள்ளிக்குப் போவோம். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுத்தான் அவள் அடுத்த மரத்துக்கு நகர்வாள். ஒன்று விட்டுப்போனால் திரும்பி நடப்பாள். கூப்பிட்டால் காதில் வாங்கமாட்டாள். பேச்சும் இரண்டொரு சொல்தான். ஆனால் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டால் சிலேட்டும் கையுமாக அமைதியாக இருப்பாள். நேரம் கழித்துப் போனதற்கு அடி வாங்குவது மட்டும் நான். அக்கா பதவிக்கு அவ்வளவுதான் மரியாதை.

மிளகு பழுக்கும் மாதத்தில் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். சின்னவள் மரம் மரமாக நின்று மிளகை உருவுகிறாள் என்றார். மிளகு விளையும் ஊரில், கொடியில் கை வைத்தவரைத் திருட வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நெசமாச் சொல்லு கண்ணு, பறிச்சாளா?"

அவள் ஒரு மணிகூடப் பறித்ததில்லை. ஆனால் அந்த வழி அடைபட்டால் நேரத்துக்குப் பள்ளிக்குப் போய்விடலாம், எனக்குப் பிரம்படி மிச்சம்.

"தெரியலீங்கப்பா" என்றேன். அந்த ஒற்றைச் சொல்லுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இனித் தோட்டத்துப் பக்கம் போகக்கூடாது என்றுவிட்டார் அப்பா. மறுநாள் அவளை பஸ் ரோட்டு வழியாக இழுத்துப் போனேன். வழியெல்லாம் தோட்டத்துப் பக்கமே திமிறினாள். வகுப்பிலும் அழுகை நிற்கவில்லை. ரத்தம் வரும்வரை தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வாத்தியார் அப்பாவை வரச் சொன்னார்.

"மத்த புள்ளைங்க பயப்படுதுங்க. இனி அனுப்பாதீங்க."

அப்பா "சரிங்க சார்" என்றார்.

ஆட்டிசம் என்ற சொல்லை, நானே ஆசிரியையான பிறகு ஒரு பயிற்சி வகுப்பில்தான் முதன்முதலாகக் கேட்டேன். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பழகிய வழியைத் திடீரென்று மாற்றக்கூடாது என்று பயிற்சி கொடுத்தவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். அதற்குமேல் குறிப்பெடுக்க எனக்குக் கை வரவில்லை.

அவளை நிறுத்திய மறுநாள் நான் மணியடிக்கும் முன்பே பள்ளியில் இருந்தேன். வாத்தியார் பாராட்டினார். சாயங்காலம் வீடு திரும்பியபோது தங்கை சீருடையோடு வாசலில் நின்றிருந்தாள். காலையில் தானாகவே போட்டுக்கொண்டாளாம். கழற்ற விடவில்லை என்று அம்மா சலித்துக்கொண்டாள். பள்ளிக்கூடமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, கொடுத்துவைத்தவள். இன்னும் எதற்கு இந்த அடம் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.